நிறம் போன நீர்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

சென்ற தேர்தலில் என் தந்தையார் வாக்களிக்கச் சென்றபோது, விரலில் மை வைக்க வேண்டிய அலுவலர் சற்றே திகைத்து நின்றுவிட்டார். அப்பாவின் இடக்கைச் சுட்டுவிரல் நகம் ஏற்கெனவே கருநீலமாக இருந்தது. "நீங்க காலையிலேயே ஓட்டுப் போட்டாச்சா?" என்று அவர் கேட்க, அப்பா பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பத்தும் நீலம். "சாயப்பட்டறையில வேலைங்க ஐயா" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். முதன்முறையாக வாக்களிக்கப் போயிருந்த நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நீலம் நகத்தோடு நிற்கிறதா, உள்ளேயும் போயிருக்கிறதா என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு வந்தது.

எங்கள் வீட்டுக்கும் சாயத்துக்கும் உள்ள உறவு அப்பாவோடு முடிவதில்லை. அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சிடுவார். அதைச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, பிரித்தால் முடிச்சிருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. நாயக்கர் காலத்திலிருந்தே மதுரையில் வாழும் சௌராட்டிர மக்கள் வளர்த்த கலை இது. 2005ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று கடைகளில் 'சுங்குடி' என்ற பெயரில் தொங்குபவற்றில் பல, முடிச்சே காணாத அச்சுச் சேலைகள் என்பது வேறு கதை. அதைத் தொடங்கினால் என் தாயார் நிறுத்தமாட்டார், நானும் நிறுத்தமாட்டேன்.

ஆகவே, இவ்வாண்டு நம் கல்லூரி அறிவியல் மன்றக் கூட்டத்தில் ஒரு விருந்தினர், "இனி நொதிகள் வந்துவிட்டன, சாயத் தொழிலால் ஆறு கெடும் காலம் மலையேறிவிட்டது" என்று முழங்கியபோது, அரங்கிலேயே அதிகமாக மகிழ்ந்திருக்க வேண்டியவள் நான்தான். மகிழ்ந்தேன் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குப் பேருந்தில் திரும்பும்போது ஐயமும் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஐயத்தைத்தான் இக்கட்டுரையில் மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

நொதி என்பது என்ன? உயிர்களின் உடலுக்குள் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம் என்று பாடநூல் சொல்லும். எனக்கு அதைப் புரியவைத்தவர் சமையலறையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த என் பாட்டி. வெள்ளை வெளேரென்றிருக்கும் பூ, நறுக்கிய சிறிது நேரத்தில் கறுத்துப்போகிறது. மோரில் போட்டால் கறுப்பதில்லை. பூவின் செல்கள் வெட்டுப்பட்டதும் உள்ளிருக்கும் நொதி வெளியே வந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு பீனால் சேர்மங்களைக் கறுப்பு நிறமாக்குகிறது. மோரின் புளிப்பு அந்நொதியை அடக்கிவிடுகிறது. பாட்டியின் விரலில் ஏறிய அந்தக் கறை சோப்புக்கும் அசையாது. அதைச் சாயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மருதாணியும் அப்படியே. பச்சை இலையைக் கையில் கசக்காமல் வைத்துக்கொண்டால் சிவப்பதில்லை, அரைக்க வேண்டும். இலையில் நிறம் தரும் பொருளின் முன்னோடி ஒரு சர்க்கரை மூலக்கூறோடு கட்டுண்டு கிடக்கிறது. அரைக்கும்போது அந்தக் கட்டு அவிழ்கிறது. பிறகு காற்றுப் பட்டு 'லாசோன்' என்ற சிவப்பு பிறக்கிறது. பெண்கள் இரவு முழுவதும் கையை மடக்கிக்கொண்டு தூங்குவது, வேதியியலார் பார்வையில், வினை முடியும்வரை காத்திருப்பதுதான்.

அவுரியின் கதை இதற்கு உடன்பிறப்பு. நம் வயற்காடுகளில் களையாகவும், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பயிராகவும் வளரும் அவுரியின் பச்சை இலையில் நீலம் ஒரு துளியும் இல்லை. 'இண்டிக்கான்' என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. இலையைத் தொட்டியில் ஊறவைத்தால், இலையிலேயே உள்ள நொதி இண்டிக்கானிலிருந்து சர்க்கரையை வெட்டி எடுத்துவிடுகிறது. எஞ்சுவது இண்டாக்சில். அந்த நீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று காலால் உதைத்துக் கலக்குவார்கள். காற்று ஏற ஏற, இரண்டிரண்டு இண்டாக்சில்கள் கைகோத்து நீலமாகி அடியில் படியும்.

இத்தோடு வேலை முடிவதில்லை. இந்த நீலம் நீரில் கரையாது. கரையாத சாயம் நூலில் ஏறாது. ஆகவே அக்காலத்துச் சாயக்காரர்கள் சுண்ணாம்பும் உவர் மண்ணும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் நாட்கணக்கில் புளிக்க விடுவார்கள். நுண்ணுயிர்கள் பெருகி, தம் நொதிகளால் நீலத்தை ஒடுக்கி, மஞ்சள் பச்சையான கரைசலாக்கும். மேலே செம்புப் பளபளப்போடு ஓர் ஏடு படரும். அதில் முக்கிய நூலை வெளியே எடுத்தால் முதலில் பச்சை. காற்றில் பிடித்தபடி இருக்கும்போதே கண்ணெதிரில் நீலமாக மாறும். விருந்தினர் "இனி வந்துவிட்டன" என்றாரே, அந்த நொதிகள் நம் தாழிகளில் பல நூற்றாண்டுகள் குடியிருந்தவை. பெயர் தெரியாமல் வைத்துச் சோறு போட்டிருக்கிறோம்.

பின் ஏன் அவை வெளியேறின? 1856இல் பதினெட்டு வயது இளைஞரான பெர்க்கின் இலண்டனில் கொயினா மருந்து செய்யப் போய், தவறுதலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற இரு செருமானியர் அலிசரின் சிவப்பை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினர். தென்னாட்டுச் சிவப்புக்கு ஆதாரமாக இருந்த சாயவேரில், அதாவது இம்பூறலில் உள்ள பொருளும் அதே அலிசரின்தான். வேரைத் தோண்டி, காயவைத்து, இடித்து வாழ்ந்தவர்கள் கைவிடப்பட்டனர். அடுத்து பேயர் அவுரி நீலத்தின் அமைப்பைக் கண்டார். 1905இல் நோபல் பரிசும் பெற்றார். 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்திய அவுரி சாய்ந்தது.

அவுரி சாய்ந்ததற்காக நாம் முழுவதும் அழ வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1859இல் வங்க உழவர்கள் கிளர்ந்தது எதற்காக? 1917இல் காந்தியடிகள் சம்பாரணுக்குப் போனது எதற்காக? நெல் விளையும் நிலத்தில் வெள்ளைத் தோட்டக்காரர் கட்டாயப்படுத்தி விதைக்க வைத்த அவுரிக்காகத்தானே! "பழைய இயற்கைச் சாயத்துக்கே திரும்புவோம்" என்று மேடையில் பேசுபவர்கள், உலகத்துக்கு வேண்டிய நீலத்தை எல்லாம் இலையிலிருந்து எடுக்க யாருடைய நிலத்தை, எந்தக் கண்மாய் நீரைக் கேட்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

செயற்கை நீலத்துக்கும் விலை உண்டு. அது அனிலினிலிருந்து, ஃபார்மால்டிஹைடு, சயனைடு போன்றவற்றின் துணையோடு பிறக்கிறது. அதைக் கரைக்கத் தாழியில் தகரை விதைக்குப் பதில் 'ஹைட்ரோஸ்' என்று பட்டறையில் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட். ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய தூள் அது. அப்பா வேலை முடிந்து வரும்போது சட்டையில் வரும் கந்தக நெடி அதனுடையதுதான். சில அசோ சாயங்கள் உடைந்தால் புற்றுநோய் தரும் அமீன்கள் வெளிவரும் என்று செருமனி 1994இல் தடை விதித்தது. இந்திய அரசும் 1997இல் எழுபது அசோ சாயங்களைத் தடை செய்தது. அப்பாவின் நகத்தைப் பற்றி நான் கவலைப்படுவது வீண் கவலையன்று.

இந்த இடத்தில்தான் புதிய அறிவியல் வருகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1983இல் அமெரிக்காவில் என்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும், நாப்தலீனைத் தின்னும் ஒரு பாக்டீரியாவின் மரபணுக்களை ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் புகுத்தினர். அந்த ஈ.கோலை நீலச் சாயத்தை உண்டாக்கியது! டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை இண்டோலாக்கி, அதனோடு ஆக்சிஜனைச் சேர்க்கும் வேலையை நொதிகளே செய்துவிட்டன. அனிலின் இல்லை, சயனைடு இல்லை. ஆயினும் செயற்கை நீலத்தின் மலிவை அதனால் வெல்ல முடியவில்லை. தாழியில் முக்கும்போது ஹைட்ரோஸ் தேவை என்பதும் மாறவில்லை.

2018இல் கலிபோர்னியாவின் பெர்க்கலி ஆய்வாளர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. செடி செய்வதையே அவர்கள் செய்தனர். பாக்டீரியாவுக்குள் இண்டாக்சில் உண்டானதும், சப்பானிய நீலச்செடியின் நொதி ஒன்றைக் கொண்டு அதன் தலையில் சர்க்கரையைக் கட்டிவிட்டனர். நீரில் கரையும் இண்டிக்கான் கிடைத்தது. அதைத் துணியில் ஏற்றி, மற்றொரு நொதியால் சர்க்கரையை அவிழ்த்தால் துணியின் மேலேயே நீலம் பிறக்கிறது. ஹைட்ரோஸ் வேண்டாம். 2024இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் சர்க்கரை கட்டும் நொதியை இன்னும் உறுதியாக்கி, நொதியாலும், ஒளியாலும்கூட இண்டிக்கானைத் துணியில் நீலமாக்கிக் காட்டினர். அவுரி இலை அறிந்த இரகசியத்தை நாம் ஏட்டில் எழுத இத்தனை காலம் ஆயிற்று.

இவையெல்லாம் நீலத்துக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பச்சைக்கும் என்ன செய்வது? சித்திரைத் திருவிழாவில் அழகர் எந்த நிறப் பட்டுடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று பார்த்து அவ்வாண்டு விளைச்சலைக் கணிக்கும் ஊர் இது. ஒரே நிறத்தைச் சொல்லி எங்களை அனுப்பிவிட முடியாது. மரத்தை மக்க வைக்கும் காளான்களில் உள்ள 'லாக்கேஸ்' என்ற நொதி, பாட்டியின் வாழைப்பூ நொதியைப் போலவே பீனால்களைக் கோத்துப் பழுப்பு, மஞ்சள், செந்நிறச் சாயங்களை ஆக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இன்னும் குடுவையில்தான் இருக்கின்றன. பட்டறைத் தொட்டிக்கு வரவில்லை.

அதே லாக்கேஸுக்கு எதிர்த்திசை வேலையும் தெரியும். சாயத்தைச் சிதைத்துக் கழிவுநீரை வெளிறவைக்கும். விருந்தினர் மிகவும் பெருமையாகக் காட்டிய படம் இதுதான்: இடப்பக்கம் கருநீல நீர்ப் புட்டி, வலப்பக்கம் தெளிந்த நீர்ப் புட்டி. அரங்கம் கைதட்டியது. என் ஐயம் பிறந்ததும் அந்த வலப்பக்கப் புட்டியில்தான்.

ஏனென்றால் அதற்கு முன்பே நான் ஒரு புட்டி நீரைச் சோதித்திருந்தேன். எங்கள் பகுதியில் ஒரு பட்டறை இருக்கிறது, பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஊரார் சத்தம் போட்டதிலிருந்து அங்கே சாய நீரில் பிளீச்சிங் பவுடர் கொட்டி, நிறம் போன பிறகே ஓடையில் விடுகிறார்கள். ஊராரும் அடங்கிவிட்டார்கள். ஆனால் ஓடைக்கு அருகிலுள்ள கிணற்று நீரில் பருப்பு வேகுவதில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டாமாண்டுச் செய்முறையில் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு குளோரைடு அளக்கக் கற்றுக்கொண்டதும், ஓடை நீரை ஒரு புட்டியிலும் கிணற்று நீரை மற்றொன்றிலும் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். பேராசிரியர் அம்மையார் கடிந்துகொள்வார் என்று பயந்தேன். அவர் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "முதலில் காரத்தை நடுநிலையாக்கு, இல்லாவிட்டால் முடிவு தப்பாக வரும்" என்று மட்டும் சொன்னார்.

கல்லூரிக் குழாய் நீருக்கு, பியூரெட்டில் சிறிதளவு இறங்கியதும் மஞ்சள் கரைசல் செங்கல் நிறமாயிற்று. கிணற்று நீருக்கு அதைவிடப் பல மடங்கு இறங்கியது. ஓடை நீருக்குப் பியூரெட் முழுவதும் காலியாகியும் நிறம் மாறவில்லை. பத்து மடங்கு நீர்க்கச் செய்து மீண்டும் தொடங்கினேன். கண்ணாடிபோல் தெளிந்திருந்த அந்த நீர், கரைந்த உப்பைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தது.

எந்த உப்பு? பருத்தியில் ரியாக்டிவ் சாயத்தை ஏற்ற, ஒரு லிட்டர் தொட்டி நீருக்கு ஐம்பது கிராமும் அதற்கு மேலும் உப்புப் போட வேண்டியிருக்கிறது. சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதே அந்த உப்பின் வேலை. அது துணியில் ஒட்டுவதில்லை; போட்டதெல்லாம் அப்படியே கழிவில் வரும். பிளீச்சிங் பவுடர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் குளோரைடைச் சேர்த்துவிடும். இந்த உப்பை உடைக்கும் நொதி கிடையாது, இருக்கவும் முடியாது. சோடியமும் குளோரைடும் அதற்கு மேல் சிதைந்து போக இடமில்லாதவை. நிறம் இருந்தவரை ஊரார் சத்தமாவது போட்டார்கள். நிறத்தை எடுத்துவிட்டதால் தீங்கின் அடையாளம்தான் போயிற்று. தீங்கு கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இது எங்கள் ஓடையோடு நிற்கும் செய்தியன்று. திருப்பூரின் சாயக் கழிவால் நொய்யல் கெட்டது; உழவுக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உப்புநீர்த் தேக்கமாக மாறியது. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. பின்னர் எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலன்களும் வைத்து, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில் ஆலைகள் திறக்கப்பட்டன. பெரிய ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அந்தச் செலவைத் தாங்கும். நான்கு தொட்டியும் ஆறு ஆட்களும் உள்ள எங்கள் ஊர்ப் பட்டறை தாங்காது. அது மூடினால் முதலில் வேலை இழப்பவர் என் தந்தையார். இரண்டாவது, முடிச்சுப் போட்ட துணியைக் கொடுக்க இடமில்லாமல் போகும் என் தாயார். புட்டியில் நீர் பிடித்ததை அப்பாவிடம் சொன்னபோது அவர், "கணக்கு என்ன வந்துச்சு?" என்றுதான் கேட்டார். சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "மொதலாளிகிட்ட நானே சொல்றேன் தாயி, நீ எழுதறதுல பேரு போடாத" என்றார். போடவில்லை.

அப்படியானால் நொதியே வேண்டாமா? வேண்டும், ஆனால் எங்கே வேண்டும் என்பதைத் தெரிந்து வேண்டும். என் கருத்தில், சாயத்துக்கு முன்னால் இருக்கும் வேலைகளில்தான் நொதி இன்றே சிறு பட்டறைக்கு உதவும். பாவில் ஏற்றிய கஞ்சியை எடுக்க அமிலமோ கடும் சலவையோ வேண்டாம். நம் வாய் உமிழ்நீரில் உள்ள அமைலேஸின் உறவினர் ஒருவர் அதை வெதுவெதுப்பிலேயே கரைத்துவிடுவார். ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்தபின் துணியில் தங்கும் மிச்சத்தைப் போக்கத் திரும்பத் திரும்ப அலசுகிறார்களே, கேட்டலேஸ் சிறிதளவு போட்டால் அது நீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். அலசும் நீர் மிச்சம். திருப்பூரில் இவை புதுமையன்று. பனியன் அட்டையில் 'பயோ வாஷ்' என்று அச்சடித்திருப்பதும் செல்லுலேஸ் என்ற நொதி துணியின் பிசிறை மழித்த வேலைதான். அங்கே லாரியில் போகும் பொருள், எங்கள் பட்டறைக்காரர் வாங்கக்கூடிய சிறு பொட்டலமாக, பயன்படுத்தும் வெப்பநிலையும் அளவும் தமிழில் அச்சிட்டு வரட்டும். அப்பா தொட்டியின் சூட்டைக் கைவைத்துப் பார்ப்பவர். நொதி அதிகச் சூட்டில் செத்துப்போகும் என்று யாரேனும் அவருக்குச் சொன்னால்தானே தெரியும்?

நீலத்துக்குத் தாழி முறையையும் எடுத்து வைக்கிறேன். அவுரித் தாழிக்கு இந்த அளவு உப்பு தேவையில்லை என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் கிணற்றுக்கு அதுதான் பெரிய செய்தி. நேரம் பிடிக்கும், தோய்க்கத் தோய்க்கத்தான் நிறம் ஏறும், எல்லா நிறமும் வராது என்பவை அதன் குறைகள். சுங்குடியில் நீலச் சேலைக்கு மட்டுமாவது சோதித்துப் பார்க்கலாமே. நம் கல்லூரியில் வேதியியலும் தாவரவியலும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை சுற்றுப்புறக் கிணறுகளின் குளோரைடை அளந்து ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க நமக்கு வேண்டியது பியூரெட்டும் பொறுமையும்தான். எதிரே பட்டறை உரிமையாளர் வந்து நின்றாலும், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து நின்றாலும், காட்ட ஓர் எண் இருக்கும்.

பேசிக்கொண்டே இருப்பானேன் என்று, நானும் தாவரவியல் படிக்கும் என் தோழியும் கண்மாய்க்கரையில் அவுரி பறித்து வந்து, ஊறவைத்துக் கலக்கி, அடியில் படிந்த கொஞ்சம் நீலத்தை எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பானையில் போட்டோம். வேகவைத்த தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்து மூடி வைத்தோம். மூன்றாம் நாள் அம்மா முடிச்சிட்டுக் கொடுத்த கைக்குட்டையை முக்கி எடுத்தால், வானம் வெளுத்த மாதிரி ஒரு மங்கல் நிறம். புள்ளியும் துணியும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தன. தோழிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மாலையில் அப்பா வந்தார். பானையை ஒரு பார்வை பார்த்தார், குனிந்து முகர்ந்தார், நீல நகமுள்ள விரலை உள்ளே விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"புளிச்ச வாடை தூக்கலா இருக்கு. சுண்ணாம்பு காணாது, தாயி" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைக்கு வைத்திருந்த டப்பாவைத் தேடிப் போனார்.